கரியாலூர்ப் பாட்டும் பின்னோக்கிச் சுழன்ற நாடாவும்

நாடா என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது பாட்டுக் கேட்கும் கேசட்தான். அது வழக்கொழிந்து போனதால், கணினி உலகத்திலும் நாடா எப்போதோ மறைந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். அப்படியில்லை. எல்டிஓ என்ற வகை நாடா 2000ஆம் ஆண்டில் வந்தது. அதன் முதல் தலைமுறை நாடா ஒன்றில் 100 ஜிகாபைட் கொள்ளும். 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை நாடாவில் 18 டெராபைட் கொள்ளும். 2011 பிப்ரவரி இறுதியில் மென்பொருள் பிழையொன்றால் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் காணாமற்போயின. கூகுள் பல இடங்களில் பிரதிகள் வைத்திருந்தும் பிழை அந்தப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் அஞ்சல்களை மீட்டுத் தந்தவை நாடாக்களே. அவை எந்த இணைப்பிலும் இல்லாமல் அலமாரியில் கிடந்ததால் பிழை அவற்றை எட்டவில்லை.

இதை நான் அறிந்துகொண்டதற்குக் காரணம் தொழில்நுட்ப ஆர்வம் அன்று. தமிழிலக்கியம் கற்பிப்பவனுக்கு நாடா இயந்திரத்தோடு என்ன உறவு? கரியாலூரில் ஒரு மூதாட்டி பாடிய பாட்டுத்தான் உறவு.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனால் கோமுகி அணையைக் கடந்ததும் கல்வராயன் மலைப்பாதை தொடங்கும். அப்போது இது விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல்தான். மேலே வெள்ளிமலை, கரியாலூர், அவற்றைச் சுற்றிச் சிறு சிறு ஊர்கள். சாமையும் மரவள்ளியும் விளையும் நிலம். கடுக்காய்க்குப் பேர்போன காடு. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. எழுத்தில் பதிந்த வரலாறு இவர்களுக்கு அதிகம் வாய்க்கவில்லை. இருப்பதெல்லாம் பாட்டில் இருந்தது.

2006 முதல் எங்கள் துறை மாணவர்களும் நானும் விடுமுறைகளில் மலையேறிப் பாடல்களைப் பதிவுசெய்து வந்தோம். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, தெய்வத்தை அழைக்கும் பாட்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தோம். கரியாலூருக்கு அருகில் ஒரு மூதாட்டி இருந்தார். மாணவர்கள் அவரை ஆயா என்றார்கள். அவர் என்னை வாத்தியார் என்றார். காஞ்சியை விட்டு மலையேறிய கதையை நீண்ட பாட்டாக அவர் அறிந்திருந்தார். ஒரே மூச்சில் பாட அவருக்கு உடம்பு இடங்கொடுக்கவில்லை. முதற்பகுதியை 2008 ஜனவரியில் பாடினார். “மிச்சத்தை அறுப்பு முடிஞ்சு வந்து கேளுங்க வாத்தியாரே” என்றார். அந்த மிச்சம் அக்டோபரில்தான் கிடைத்தது. மறுஆண்டு ஆயா இறந்துவிட்டார்.

எங்களிடம் இருந்தது சிறு டிஜிட்டல் பதிவுக்கருவி. ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் ஒலிக்கோப்புகளை மொழி ஆய்வகத்திலிருந்த லினக்ஸ் கணினிக்கு மாற்றிவிட்டு நினைவட்டையைக் காலி செய்தால்தான் அடுத்த பயணத்துக்கு இடம் இருக்கும். சுருக்காத ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 600 மெகாபைட் பிடிக்கும். 2010 முடிவதற்குள் எங்களிடம் 70 மணி நேரம் சேர்ந்திருந்தது, 42 ஜிகாபைட்.

இதற்குக் காப்பு வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒருவருக்கு நல்லெண்ணம் தோன்றியது. ஒரு நிறுவனம் கழித்துவிட்ட எல்டிஓ இரண்டாம் தலைமுறை நாடா இயந்திரம் விலைமலிவாகக் கிடைத்தது. அதை அலுவலகக் கட்டடத்தில் இருந்த இன்னொரு லினக்ஸ் கணினியில் பொருத்தினார்கள். இரவு பதினோரு மணிக்கு அலுவலகக் கணினி நெட்வொர்க் வழியாக எங்கள் கணினியை அழைக்கும்; டார் என்ற கட்டளை பாடல் அடைவு முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும்; அந்தப் பக்கம் டிடி என்ற கட்டளை அதை வாங்கி நாடாவில் எழுதும். காலையில் அலுவலகத்துக்கு ‘வெற்றி’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். வார நாட்களுக்கு ஐந்து நாடாக்கள், மாறிமாறிச் சுற்றும். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த இளைஞர் நல்ல வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டார். மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

2011 மே மாதத்தில் ஒரு மாலை இடியோடு மழை. மின்சாரம் போய் வந்தபின் பாடல் கணினியின் வன்தட்டு சுழலவில்லை. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. நாடா இருக்கிறதே.

மீட்க வந்தவர் எங்கள் முன்னாள் மாணவர். தமிழிலக்கியத்தில் பட்டம் பெற்றுப் பிழைப்புக்காகக் கணினிப் பக்கம் போனவர். முதலில் வெள்ளிக்கிழமை நாடாவைச் செருகினார். இயந்திரத்தின் சிறு எழுத்துப் பலகையில் ‘சி’ என்ற எழுத்து மின்னியது. தலைமுனை அழுக்காகிவிட்டது, துடைக்கும் நாடாவைப் போடு என்று பொருள். அழுக்கானதற்கும் தேய்ந்ததற்கும் காரணம் இருந்தது. அந்த இயந்திரம் வினாடிக்கு 40 மெகாபைட் வரை எழுதவல்லது. எங்கள் பழைய நெட்வொர்க்கோ வினாடிக்குப் பதினொரு மெகாபைட் தந்தால் அதிகம். தரவு வந்து சேராதபோது நாடா நிற்கும், சற்றுப் பின்னால் போகும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். செருப்புத் துடைப்பவன் துணியை இப்படியும் அப்படியும் இழுப்பதைப் போல இருப்பதால் தொழிலில் இதற்கு அந்தப் பெயரே உண்டு. எழுதுவதற்கு முன் தரவை ஒரு தட்டில் சேர்த்து வைத்து மொத்தமாக நாடாவுக்கு அனுப்புவதுதான் இதற்கு மருந்து. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த அமாண்டா என்ற காப்பு மென்பொருள் அப்படித்தான் செய்கிறது. எங்கள் இளைஞர் கையால் எழுதிய மூன்று வரி நிரலில் அதற்கு வழியில்லை.

துடைத்த பிறகு நாடா படித்தது. திரையில் கோப்புப் பெயர்கள் வரிசையாக ஓடின. சம்பளப் பட்டியல், கட்டணப் பட்டியல், தேர்வு மதிப்பெண். அத்தோடு நின்றுவிட்டது. நாடாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டுகள் இருக்கலாம் என்பதால் அடுத்த கட்டுக்குத் தாண்டும்படி கட்டளையிட்டார். அடுத்தது எதுவும் இல்லை என்றது இயந்திரம். வியாழன் நாடாவிலும் அதே சம்பளப் பட்டியல். புதன், செவ்வாய், திங்கள் எல்லாவற்றிலும் அப்படியே.

அதன்பின் அவர் நாடாவை விட்டுவிட்டு அந்த மூன்று வரி நிரலைப் படிக்க உட்கார்ந்தார். பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் நிதானம் அவரிடம் இருந்தது. படித்த படிப்பு வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

லினக்ஸில் ஒரே நாடா இயந்திரத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. எஸ்டி0 என்று அழைத்தால், வேலை முடிந்தவுடன் நாடா தானாகவே பின்னோக்கிச் சுழன்று தொடக்கத்துக்குப் போய்விடும். என்எஸ்டி0 என்று அழைத்தால், முடித்த இடத்திலேயே அசையாமல் நிற்கும். முன்னால் ஒரு ‘என்’. சுழலாதே என்பதன் முதலெழுத்து. நிரலில் இருந்தது எஸ்டி0. தொடக்கத்தில் அதனால் கேடில்லை, ஏனென்றால் எழுத வேண்டியது பாடல் கட்டு ஒன்றுதான். 2008 நடுவில் அலுவலகக் கோப்புகளையும் சேர்த்துக் காப்போம் என்று யாரோ ஒரு வரியைச் செருகியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் பாடல்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எழுதப்பட்டன. நாடா சுழன்று தொடக்கத்துக்கு வந்தது. சம்பளப் பட்டியல் அதன்மேல் எழுதப்பட்டது. இரண்டு வேலையும் வெற்றி. மின்னஞ்சல் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருந்தது. 2010 ஜூனில் பாடல் கணினியின் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினார்கள். அதன்பின் அலுவலகக் கணினி எஸ்எஸ்ஹெச் வழியாக அதை அழைத்தபோது, எதிர்முனையின் அடையாளச் சாவி மாறியிருக்கிறது, இது வேறு யாராகவோ இருக்கலாம் என்று ஐயுற்று இணைப்பை மறுத்தது. மறுத்தது சரிதான், அதன் கடமை அது. ஆனால் குழாயின் இந்த முனையில் வாயைத் திறந்து காத்திருந்த டிடி, ஒரு துளியும் வராமல் குழாய் மூடப்பட்டதும், வேலை நிறைவுற்றது என்று அறிக்கையிட்டது. இப்படிக் குழாய் போல் கட்டளைகளைக் கோத்தால், கடைசிக் கட்டளையின் முடிவையே முழுச் சங்கிலியின் முடிவாகக் கொள்வது லினக்ஸ் ஷெல்லின் இயல்பு. முதற் கண்ணி அறுந்தாலும் கடைசிக் கண்ணி முழுதாக இருந்தால் வெற்றிதான். பிழைச் செய்தியாவது வந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். “எல்லாப் பிழைச் செய்தியையும் டெவ் நல்லுக்கு அனுப்பியிருக்காங்க ஐயா” என்றார். டெவ் நல் என்பது லினக்ஸில் உள்ள அடியில்லாத கிணறு. அதில் போட்டது எதுவும் திரும்ப வராது. கண்டுபிடித்திருக்கக்கூடிய தடயம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டிய வேலை, ஓராண்டாக நான்கு நிமிடங்களில் முடிந்துகொண்டிருந்தது. பதிவேட்டில் நேரம் தெளிவாக இருந்தது.

இது ஏதோ மலையடிவாரத்து ஏழைக் கல்லூரியின் கதை என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் பணியாளர் ஒருவர் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புக்கும் பிரதிக்கும் அவர்களிடம் ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லை என்று அவர்களே எழுதினார்கள். அன்றாடக் காப்பு, மென்பொருள் பதிப்புகள் ஒத்துப்போகாததால், சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தது; தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் பெறும் முனை நிராகரித்திருந்தது. சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. தங்கள் அவமானத்தை ஒளிக்காமல், மீட்கும் பணியை இணையத்தில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். தோல்வியைக் காட்டிலும் வெற்றி அறிக்கையே ஐயத்துக்கு உரியது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன நிறுவனங்கள் குறைவு.

அன்று மாலை அலுவலக அலமாரியின் அடித்தட்டில், சுழற்சியில் சேராத ஆறாவது நாடா ஒன்று கிடைத்தது. உறையில் பேனாவால் ‘மார்ச் 2008’ என்று எழுதியிருந்தது. சம்பளப் பட்டியல் வரி சேர்வதற்கு முன். எழுதத் தடைசெய்யும் சிறு பூட்டும் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. பெங்களூர் போன இளைஞர் செய்த புண்ணியம். செருகினோம். டார் ஒரே வரியில் பதிலளித்தது: நினைவகம் ஒதுக்க இயலவில்லை.

அறையில் இருந்த ஒருவர், கணினிக்கு நினைவகம் போதவில்லை போலும், கடைத்தெருவில் ரேம் வாங்கி வரட்டுமா என்று எழுந்தே விட்டார். என் மாணவர் சிரித்தார். நாடாவில் தரவு கட்டு கட்டாக எழுதப்படுகிறது. எந்த அளவில் கட்டினார்களோ அந்த அளவை முழுதாகத்தான் எடுக்க முடியும். நாம் நீட்டும் பாத்திரம் சிறியதாக இருந்தால் லினக்ஸ் பாதியை ஊற்றித் தராது. இடமில்லை என்று கைவிரித்துவிடும். அந்த ‘இடமில்லை’ தான் நினைவகம் இல்லை என்ற சொல்லாக வந்து விழுகிறது. டார் தன் இயல்பில் நீட்டுவது 10,240 பைட் பாத்திரம். பெரிய பாத்திரம் ஒன்றை டிடியிடம் கொடுத்து ஒரே ஒரு கட்டை எடுத்து அளந்து பார்த்தார்: 65,536 பைட். 512 பைட் கொண்ட அலகுகள் 128. அந்த எண்ணை டாரிடம் சொன்னதும் இயந்திரத்துக்குள் நாடா நகரும் ஓசை கேட்டது.

31 மணி நேரப் பாடல்கள் வந்தன. மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு கோப்பை அப்போதே ஓடவிட்டோம். முதலில் ஒரு சேவல் கூவியது, பிறகு யாரோ ஒரு பிள்ளையை அதட்டும் குரல், பிறகு இருமல், பிறகு ஆயா. காஞ்சியிலிருந்து புறப்பட்டவர்கள் மலையடிவாரம் வந்து சேர்வது வரை அவர் பாடினார். அங்கே நின்றது. மலையேறும் பகுதி 2008 அக்டோபரில் பாடியது.

அன்றிரவு எனக்குப் பதிற்றுப்பத்துத்தான் நினைவில் ஓடியது. உ.வே.சாமிநாதையர் அதை 1904இல் பதிப்பித்தார். கிடைத்த சுவடிகள் எல்லாமே முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லாதவை. சுவடிக்கட்டில் முதலில் சிதைவன மேலேடுகளும் அடியேடுகளுமே. ஏதோ ஒரு தாய்ச்சுவடியில் இரு முனையும் உதிர்ந்தபின் அதிலிருந்து பிறந்த பிரதிகளே எஞ்சின என்பது என் ஊகம். எழுதியவர்கள் குறை வைக்கவில்லை. தங்கள் முன்னிருந்ததைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதினார்கள். இல்லாமையும் சேர்ந்தே பெயர்ந்தது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பரிபாடல் எழுபதில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. வகுப்பில் இந்த எண்களை ஆண்டுதோறும் சொல்லிக் கடந்துபோகிறோம். காலம் அழித்தது, கடல் கொண்டது, கறையான் தின்றது என்று பழியைப் பெரியவற்றின்மேல் போடுவது நமக்கு எளிது. ஓர் இரவில் ஓர் ஏட்டை எண்ணிப் பார்க்காமல் கட்டிவைத்த கை ஒன்றும் அங்கே இருந்திருக்கக்கூடும். ஆனாலும் ஓலை ஒரு வகையில் நாடாவைவிட நல்லது. பெயர்த்தெழுதுபவன் படித்துத்தான் ஆக வேண்டும். இயந்திரம் படிக்காமலே எழுதுகிறது.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் மறுபடி கரியாலூருக்குப் போனோம். ஆயாவோடு சேர்ந்து பின்பாட்டுப் பாடிய உறவுக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். இரண்டாம் பகுதி அவருக்குத் தெரியும் என்றார், பாடியும் காட்டினார். மெட்டு அதுதான். ஆனால் ஆயா பாடியபோது மலையேறுபவர்கள் இளைப்பாறிய இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிறுத்திப் பாடியதை நாங்கள் நன்றாக நினைவு வைத்திருந்தோம். இவர் மூன்றே இடங்களில் மேலே போய்விட்டார். கேட்டதற்கு, “ஆயாவுக்கு அந்தப் பாறை, ஊத்து எல்லாம் தெரியும். நான் அந்தப் பக்கமெல்லாம் போனதில்ல” என்றார். தெரியாத இடத்தைப் பாட அவருக்கு மனமில்லை. இதைச் சிதைவு என்று சொல்ல நான் தயங்குகிறேன். தான் அறிந்ததை மட்டுமே அவர் பாடினார். இரண்டு பகுதிகளையும் ஒட்டி ஒரே பாட்டாக்கலாம் என்று மாணவர்கள் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. பட்டியலில் ஆயாவின் பாட்டுக்குக் கீழே ‘இரண்டாம் பகுதி கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த எண்ணில் அந்தப் பெண்மணியின் பாட்டு, அவர் பெயரில்.

நிரலை என் மாணவர் திருத்தி எழுதினார். சுழலாத பெயர், குழாயின் எந்தக் கண்ணி அறுந்தாலும் தோல்வி என்று அறிவிக்கச் செய்யும் ஷெல் அமைப்பு, எத்தனை பைட் எழுதப்பட்டது, எத்தனை நிமிடம் ஆனது என்ற இரண்டு எண்கள் மின்னஞ்சலில். மாதத்தின் முதல் திங்களன்று நாடாவிலிருந்து ஒரு கோப்பை வேறொரு கணினியில் மீட்டு, ஒரு மாணவர் அதை முழுதாகக் கேட்டுக் கையெழுத்திட வேண்டும். கேட்டது என்ன பாட்டு என்று ஒரு வரியும் எழுத வேண்டும், கேட்காமல் கையெழுத்திடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டல்லவா.

அந்த ஐந்து வார நாடாக்களை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. எல்டிஓ இரண்டாம் தலைமுறை நாடா 609 மீட்டர் நீளம். எழுதுமுனை அதன்மேல் முன்னும் பின்னுமாக 64 முறை போய்வந்தால்தான் நிறையும். சம்பளப் பட்டியல் வெறும் இரண்டு ஜிகாபைட், முதல் ஓட்டத்திலேயே முடிந்துபோகும் அளவு. அதற்கப்பால் 2010 ஜூன் வரை எழுதப்பட்ட பாடல்களின் காந்தத் தடம் அழியாமல் இருக்க வேண்டும். ‘தரவு இங்கே முடிந்தது’ என்ற குறியைத் தாண்டிப் படிக்க இயந்திரம் மறுக்கிறது, அவ்வளவே. அதைத் தாண்டிப் படிக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒன்றைக் கேட்டுப் பார்த்தோம், அவர்கள் சொன்ன தொகை எங்கள் துறையின் பல ஆண்டு ஒதுக்கீடு. பிற்கால இயந்திரங்களில் நான்காம் தலைமுறைக்கு மேற்பட்டவை இந்த நாடாவைப் படிக்கா என்பதால் பழைய இயந்திரத்தையும் கூடவே வைத்திருக்கிறேன். ஐந்து நாடாக்களிலும் எழுதத் தடைசெய்யும் பூட்டைத் தள்ளி வைத்திருக்கிறேன். உறைகளில் கிழமைப் பெயரை அடித்துவிட்டு, ‘கரியாலூர், அக்டோபர் 2008, இரண்டாம் பகுதி, முடிவுக் குறிக்கு அப்பால்’ என்று எழுதியிருக்கிறேன்.